மேற்கு மூலைத் தூம்பு

3 மார்ச் 1974, ஞாயிறு

காலை முழுவதும் மொட்டை மாடியில் போயிற்று. மாசி பிறந்தால் மன்னிக்கு வடாம் ஜுரம் வந்துவிடும். கல்யாணமாகி கல்கத்தாவுக்கு வந்து இருபத்தாறு வருஷம் ஆகிறது, கரியாஹாட்டில் விற்கிற அப்பளத்தை இன்னும் கண்ணெடுத்துப் பார்க்கமாட்டாள். எனக்கு வாரத்தில் ஒரு ஞாயிறு. அதுவும் கூழுக்குப் போயிற்று.

வடாம் இடுவதற்கு முன்னால் தளத்தைக் கழுவினேன். தண்ணீர் மேற்கு மூலைத் தூம்பு வழியாக இறங்கி, குழாய் ஓட்டையிலிருந்து பீச்சி, கீழே வீட்டுக்கார தத்தா பாபு முற்றத்தில் உலர்த்தியிருந்த துணியையெல்லாம் நனைத்துவிட்டதாம். அவர் மனைவி மாஷிமா போட்ட கூச்சலில் காக்கைகூடப் பறந்துவிட்டது. மன்னி கீழே அடுப்படியில் கூழ் கிளறிக்கொண்டிருந்தாள், அவளுக்கு ஒன்றும் காதில் விழவில்லை. நானே தூம்பு வாயில் ஒரு கந்தலைத் திணித்துவிட்டு, தேங்கினதை வாளியில் மொண்டு துடைத்தேன். பிறகு மன்னி வந்து, மூன்று வேஷ்டி நிறைய இட்டாள். முதுகு விட்டுப்போயிற்று.

சாயங்காலம் என் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு படுத்தேன். மேற்குப் பார்த்த அறை, மாடிக்கு நேர் கீழே, வெயிலில் அடுப்பாகக் காயும். இருந்தாலும் என் அறை. அப்பா இருந்த நாளில் எனக்கென்று கொடுத்தது. நாற்பத்துமூன்று வயதுப் பெண்பிள்ளை, இந்த ஊரில் எனக்கென்று இருப்பது கிடர்பூர் கப்பல் கம்பெனியில் ஒரு டைப்ரைட்டரும் இந்த அறையும்தான்.

9 மார்ச், சனி

சீதுவுக்குக் கல்யாணம் நிச்சயமாகிவிட்டது. அண்ணாவின் ஒரே பிள்ளை. வைகாசியில் முகூர்த்தம். சந்தோஷம்தான். நான் எடுத்து வளர்த்த குழந்தை.

ஆனால் இந்த வீட்டில் இருப்பது இரண்டு அறையும் ஒரு ஹாலும். ஒன்றில் அண்ணா, மன்னி. ஒன்றில் நான். சீது ஹாலில் படுக்கிறான். புதுசாகக் கல்யாணமானவர்களை ஹாலிலா படுக்கவைப்பார்கள்? யாரும் வாயைத் திறக்கவில்லை. மன்னி கரியாஹாட்டிலிருந்து பன்னிரண்டு கஜம் திரைத்துணி வாங்கிவந்திருக்கிறாள். நீலத்தில் வெள்ளைப் பூ. இத்தனை வருஷமாகத் திரையே இல்லாத ஜன்னல் என்னுடையது. எனக்காகவா வாங்கினாள்?

14 மார்ச், வியாழன்

அடுத்த வீட்டு வேப்பமரம் இலையைக் கொட்டுகிறது. மாடியெல்லாம் சருகாம். பெருக்க ஆள் இல்லை.

21 மார்ச், வியாழன்

நாலரை மணிக்குக் கால்பைசாகி. இந்த வருஷத்து முதல் புயல். கிடர்பூரில் பஸ் நின்றுவிட்டது, நனைந்துகொண்டே வீடு வந்தேன். என் அறைக்குள் போனால் அங்கேயும் மழை! விட்டத்து ஓரமாக ஒழுகிக் கட்டில் பாதி நனைந்திருக்கிறது. மன்னி ஒரு அண்டாவை வைத்திருந்தாள். கட்டிலை நகர்த்தியிருக்கலாமே? அண்டாவை மட்டும் வைத்திருக்கிறாள்.

22 மார்ச், வெள்ளி

அண்ணா கீழே போய் தத்தா பாபுவிடம் பேசினார். கூரைத் தண்ணீர் போக இரண்டு தூம்பு. கிழக்குத் தூம்பு போன வருஷத்துக்கும் முந்தின வருஷத்திலிருந்தே சருகும் மண்ணும் அடைத்துச் செத்துக் கிடக்கிறது. மேற்குத் தூம்பு ஒன்றுதான் வேலை செய்துகொண்டிருந்தது, இப்போது அதுவும் அடைத்திருக்கும் என்கிறார். சருகை அள்ளி ஒரு குச்சியால் குத்தினால் தீர்ந்தது. கால் மணி வேலை.

தத்தா பாபு சொன்னாராம், மாடியை உபயோகிப்பது நீங்கள், வடாம் போடுவது நீங்கள், சுத்தம் செய்யவேண்டியதும் நீங்கள் என்று. அண்ணா சொன்னாராம், கூரை வீட்டுக்காரனுடையது, குடித்தனக்காரன் எதற்குத் தொடவேண்டும் என்று. ஒரு தடவை நாம் ஏறிச் சுத்தம் பண்ணினால் ஆயுசுக்கும் அது நம் தலையில் விழும், அதனால் யாரும் மாடிப்பக்கம் போகக்கூடாது என்று எங்களுக்கும் உத்தரவு போட்டுவிட்டார். பேங்க் ஆபீசர் மூளை.

நான் ஏறிச் செய்துவிடலாம். செய்யமாட்டேன். ஒழுகுவது என் தலையில், ஏறிக் குத்தவேண்டியதும் நானா? ஊருக்கு இளைத்தவன் பிள்ளையார் கோயில் ஆண்டி என்று சும்மாவா சொன்னார்கள்.

27 மார்ச், புதன்

இன்னும் யாரும் ஏறவில்லை. கூரை ஈரம் காயவில்லை. சுவரில் ஒரு பெரிய பழுப்புக் கறை.

31 மார்ச், ஞாயிறு

யோசிக்க யோசிக்க ஒன்று புரிகிறது. அண்ணா கட்டிலுக்கு மேலே ஒழுகினால் இத்தனை நாள் விட்டிருப்பாரா? ஒழுகுவது என் அறை. அது ஒழுகினால் யாருக்கு லாபம்? அறை காலியானால் யாருக்கு வேண்டும்?

சே, இப்படியெல்லாம் நினைக்கக்கூடாது. உண்ட வீட்டுக்கு இரண்டகம். ஆனால் அந்தப் பன்னிரண்டு கஜம் துணி மன்னி அலமாரியில் அப்படியே இருக்கிறது. நேற்று இன்ச் டேப்பை வைத்துக்கொண்டு என்னவோ அளந்துகொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் சுருட்டி மடியில் வைத்துக்கொண்டாள். எதற்கு ஒளிக்கவேண்டும்?

4 ஏப்ரல், வியாழன்

இன்று எல்லாம் முடிந்தது.

மறுபடியும் புயல். நான் வீட்டில்தான் இருந்தேன், தலைவலி என்று லீவு. மாடியில் குளமாக நிற்கிற தண்ணீரில் மழை அடிக்கிற சத்தம் கீழே கேட்கிறது. ஐந்து மணிக்கு விட்டத்துப் பக்கம் காரை பெயர்ந்து என் தலையணைமேல் விழுந்தது. ஒரு முறத்தளவு இருக்கும். நான் ஒரு நிமிஷம் முன்னால்தான் எழுந்து ஜன்னலைச் சாத்தப் போயிருந்தேன்.

மன்னி ஓடிவந்தாள். ஐயோ சௌந்தரம் என்று என் கையைப் பிடித்தாள். நான் உதறினேன். உதறினதோடு விட்டிருக்கலாம். வாய் சும்மா இருக்கவில்லையே.

"உனக்கு இதுதானே வேணும்? ஒரு குச்சியை எடுத்துண்டு மாடிக்குப் போக உனக்கு மனசு வரலை. வேணும்னுதான் தூம்பை அடைச்சு வச்சிருக்கே. நான் செத்தா இல்லை ஓடினா உன் பிள்ளைக்கு ரூம் கிடைக்கும். அதுக்குத்தானே திரைத்துணியெல்லாம்?"

மன்னி அழுவாள் என்று நினைத்தேன், அழவில்லை. காரையை ஒவ்வொரு துண்டாகப் பொறுக்கி முந்தானையில் போட்டுக்கொண்டாள். கடைசியில்தான் சொன்னாள்.

"இருபத்தாறு வருஷமா உனக்குத்தான் முதல்ல சாதம் போட்டிருக்கேன், சௌந்தரம்."

அவ்வளவுதான். வெளியே போய்விட்டாள்.

ராத்திரி ஹாலில் சீது படுக்கைக்குப் பக்கத்தில் எனக்கும் பாய் போட்டிருந்தது. பிஷிமா, ரொம்ப ராகமா என்று பெங்காலியும் தமிழும் கலந்து கேட்டான், கோபமா என்று. குழந்தையிலிருந்தே அத்தை என்று கூப்பிடமாட்டான், பிஷிமாதான். ஒன்றுமில்லை தூங்குடா என்றேன்.

5 ஏப்ரல், வெள்ளி

அண்ணா ஆபீஸ் போகுமுன் வந்து நின்றார். என் முகத்தைப் பார்க்கவில்லை. பெஹாலாவில் வேலை பார்க்கிற பெண்களுக்கான ஹாஸ்டல் ஒன்று இருக்கிறதாம். கிடர்பூர் ஆபீஸுக்கும் கிட்டவாம். கொஞ்ச நாள் இரேன், எல்லாருக்கும் நிம்மதி என்றார்.

எனக்கு எது கிட்ட, எது தூரம் என்று எல்லாரும் கணக்குப் பார்த்துவிட்டார்கள். நல்லது. போகிறேன். நான் நினைத்தது சரியாகத்தான் போயிற்று.

12 ஏப்ரல், வெள்ளி

குட் ஃப்ரைடே, லீவு. கிளம்பும் நாள். தமிழ் வருஷப் பிறப்புக்கு இருந்துவிட்டுப் போயேன் என்று அண்ணா சொன்னார். வேப்பம்பூப் பச்சடி இங்கே தின்றால்தான் இறங்குமா என்று கேட்டேன். மன்னி அடுப்படியை விட்டு வரவில்லை.

பெட்டி கட்டியாயிற்று. என் கொடிக்கயிறு மாடியில் இருந்தது. நானே வாங்கின கயிறு, அதைக்கூட எதற்கு விடவேண்டும்? உத்தரவை மீறி ஏறினேன். அந்த வடாம் நாளைக்கு அப்புறம் இன்றைக்குத்தான் ஏறுகிறேன்.

மாடி முழுக்கப் பச்சைப் பாசி. மேற்கு மூலையில் கணுக்கால் தண்ணீர், வேப்பிலை அழுகி நாற்றம். கயிற்றை அவிழ்த்துக்கொண்டு திரும்பினவளுக்கு, போகிற போக்கில் காட்டிவிட்டுப் போகலாம் என்று ஒரு குரோதம். இதோ பாருங்கள், கால் மணி வேலை, நீங்கள் செய்யாததை வெளியே போகிறவள் செய்துவிட்டுப் போகிறேன் என்று. புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, தண்ணீரில் கையை விட்டுச் சருகை அள்ளி எறிந்தேன்.

தூம்பு வாயில் சருகுக்கு அடியில் என்னவோ கெட்டியாக இருந்தது. இழுத்தேன். வரவில்லை. பலமாக இழுத்தேன்.

துணி. மாம்பழ மஞ்சள், அரக்குக் கரை. என் பழைய சின்னாளப்பட்டிப் புடவை, நான் கிழித்தது.

தண்ணீர் கடகடவென்று இறங்கினது. கீழே முற்றத்தில் விழுந்த சத்தம் கேட்டது, மாஷிமா கத்தினாள். நான் அங்கேயே பாசியில் உட்கார்ந்துவிட்டேன்.

நாற்பது நாளாக மறந்திருக்கிறேன். மறந்தேனா? சத்தியமாக மறந்துதான் போனேன். வடாம் ஆன களைப்பில் இறங்கிவந்தவள் அதை எடுக்கவேண்டும் என்று ஒரு தடவைகூட நினைக்கவில்லை.

கந்தலைப் பிழிந்து பைக்குள் போட்டுக்கொண்டேன். கீழே வந்தேன். மன்னி வாசல்வரை வந்து நின்றாள். சொல்லியிருக்கலாம். டாக்ஸி காத்திருந்தது, பெட்டி ஏற்றியாயிற்று, அண்ணா முன் சீட்டில். வாயைத் திறந்தேன். வரேன் மன்னி என்றுதான் வந்தது.

இங்கே ஹாஸ்டலில் வந்து முதல் வேலையாக இந்த நோட்டைப் புரட்டினேன். மார்ச் 3. "ஒரு கந்தலைத் திணித்துவிட்டு." என் கையெழுத்து. தினம் இதே நோட்டில்தான் மன்னிமேல் பழியை எழுதிக்கொண்டிருந்தேன். பத்துப் பக்கம் பின்னால் திருப்பியிருந்தால் போதும். திருப்பவில்லையேடி, பாவி!

17 ஏப்ரல், புதன்

ஒரு அறையில் மூன்று பேர். நேற்று மழை. இங்கே ஒழுகவில்லை. தரைத்தளம்.

21 ஏப்ரல், ஞாயிறு

மூன்று தடவை கடிதம் எழுதிக் கிழித்தேன். அன்புள்ள மன்னிக்கு என்பதைத் தாண்டிப் போகவில்லை.

28 ஏப்ரல், ஞாயிறு

அண்ணா வந்தார். வராந்தாவில் பெஞ்சில் உட்கார்ந்தோம். கொஞ்சம் இளைத்திருக்கிறார். கையில் ஒரு பிஸ்கட் டின், மன்னி கொடுத்தனுப்பினது.

ஒழுகுவது நின்றுவிட்டதாம். "நீ போன நாலாம் நாள் நல்ல மழை. ஒரு சொட்டு இல்லை. யாரும் ஒண்ணும் பண்ணலை, தானா நின்னுடுத்து" என்று ஆச்சரியமாகச் சொன்னார். தத்தா பாபு, பார்த்தீர்களா என்று மீசையை முறுக்கினாராம். காரை பூசியாகிவிட்டது.

சீது என் அறையில்தான் இருக்கப்போகிறானா என்று கேட்டேன். கேட்டிருக்கக்கூடாது.

அண்ணா செருப்பைப் பார்த்துக்கொண்டே மெதுவாகச் சொன்னார். "அந்த ரூமை யாரும் கேக்கலை, சௌந்தரம். ஹாலுக்கு நடுவுல திரை போட்டு அவா ரெண்டு பேருக்கும் தடுத்துத் தரலாம்னுதான் ஜானகி துணி வாங்கி வச்சிருந்தா. உன்கிட்ட சொன்னா, நான் ஹால்ல படுக்கறேன்னு நீ விட்டுக்கொடுத்துடுவே, அதனால தச்சு முடிக்கற வரைக்கும் சொல்ல வேண்டாம்னா. நேத்திக்குத்தான் மாட்டினா. வந்துடறயா? அவதான் கேட்டுண்டு வரச்சொன்னா."

இப்போது சொல்லிவிடு, சொல்லிவிடு. சொன்னால் அந்த வீட்டில் மறுபடியும் முதல் சாதம் போடுவாள். ஒன்றும் கேட்கமாட்டாள். அவள் கேட்காமல் போடுகிற அந்தச் சாதத்தை நான் எப்படித் தின்பேன்?

"இங்கே ஆபீஸ் கிட்ட இருக்கு, அண்ணா" என்றேன்.

அவர் போனபிறகு டின்னைத் திறந்தேன். வடாம். மார்ச் 3-ஆம் தேதி இட்டது, எனக்குத் தெரியும், ஓரமெல்லாம் ஓட்டைக் கரண்டி அச்சு. ஹாஸ்டலில் பொரிக்க அடுப்பு கிடையாது. மன்னிக்கு அது தெரிந்திருக்காது. ஒன்றை எடுத்துப் பச்சையாகவே கடித்தேன். உப்பும் எலுமிச்சையும் சரியாக இருந்தன.