மூன்றாம் போர்ட்டில் விளக்கு எரியவில்லை

அக்டோபர் 10, 16:20

நிலாத் தென்முனை, முகட்டு நிலையம். ஆள் ஒருவர்: ச. உலகம்மை, தொடர்புப் பொறியாளர். தனியாக இது 97-ஆவது நாள். காற்று சரி. தண்ணீர் சரி. நில அதிர்வுக் கருவி வழக்கம்போலச் சும்மா கிடக்கிறது. பதினான்கு நாள் இருட்டுக்குப் பிறகு நாளை மூன்று மணி வாக்கில் மேற்குப் பாறை உச்சியை வெயில் தொடும். அந்தப் பாறைக்கு அந்தப்பக்கம் நாலு கிலோமீட்டர் ஆழத்துக்குப் பள்ளம்.

நாளை 15:00-க்கு இறங்குகலம் வருகிறது. ஓட்டுபவர் செய்யது முகம்மது, காயல்பட்டினத்துக்காரர். அவர் ஊரில் அண்ணனைக் காக்கா என்பார்கள், நானும் அப்படியே கூப்பிட்டுப் பழகிவிட்டேன். கூட வருகிறவள் மரியபுஷ்பம். அவள் இங்கே தங்க, நான் வீட்டுக்குப் போக வேண்டியது.

ஃபயர்வால் பெட்டி இன்றைக்கு மட்டும் நாலு தடவை நின்றுபோனது. எந்தச் செய்தி உள்ளே வரலாம், எது வெளியே போகலாம் என்று வாசலில் நின்று பார்க்கிற பெட்டி அது. பூமியோடு பேசுவதும், கலத்துக்கு வழிகாட்டி சிக்னல் போவதும் எல்லாம் அதன் வழியாகத்தான். அங்கிருந்து கேபிள் வெளியே இருக்கிற கோபுரத்துக்குப் போகிறது. புதுப் பெட்டி கைவசம் இருக்கிறது, நாளைக் காலையில் மாற்றிவிடு என்று பூமியிலிருந்து உத்தரவு. அரைமணி நேர வேலையாம்.

கலத்திலிருந்து வந்த செய்தி: "என்ன பிள்ள, ஒனக்கு தம்மடை எடுத்துட்டு வாரேன். எடை கூடிப்போச்சுன்னு இங்க ஒரே சத்தம். நீ சிக்னல மட்டும் ஒழுங்கா வையி, மத்தத நான் பாத்துக்கிடுதேன்."

தின்பண்டத்துக்காக எரிபொருளைக் குறைக்கிற ஆள் இவர் ஒருவர்தான் இருப்பார்.

அக்டோபர் 11, 09:10

இன்று ஆயுத பூஜை. சொந்தப் பொருள் என்று இருபது கிராம் அனுமதித்ததில் ஒரு சந்தன வில்லையும் ஒரு பொட்டலம் குங்குமமும் கொண்டுவந்திருந்தேன். காற்று இயந்திரத்துக்கு, தண்ணீர்ப் பம்புக்கு, மைக்ராஸ்கோப்புக்கு, எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்தாயிற்று. புதுப் பெட்டிக்குப் பெரிதாகவே வைத்தேன். நல்லபடியாக வேலை செய், தாயே.

மாற்ற ஆரம்பிக்கிறேன்.

09:50

பழைய பெட்டியை எடுத்தாயிற்று. கேபிள்களை வரிசை மாறாமல் அதே எண்ணுள்ள போர்ட்களில் செருகினேன். 1, 2, 4, 5 பச்சை. மூன்றாம் போர்ட்டில் விளக்கு எரியவில்லை. கோபுரத்துக்குப் போகிற ஃபைபர் கேபிள் மூன்றில்தான்.

10:35

மூன்று இன்னும் செத்துக் கிடக்கிறது. போர்ட் அணைந்திருக்கிறதா என்று பார்த்தேன், இல்லை. வேகம் இரண்டு பக்கமும் ஒன்றுதான். பெட்டிக்குள் எழுதியிருக்கிற விதிகளை வரிவரியாகப் படித்தேன், ஒன்றும் தப்பில்லை. விதி தப்பாக இருந்தால்கூட விளக்காவது எரிய வேண்டும். அணைத்துப் போட்டேன். மறுபடியும் அணைத்துப் போட்டேன்.

இது எரிகிறவரை பூமியிடம் யோசனை கேட்கவும் வழியில்லை. அதையும் நானேதான் பிடுங்கி வைத்திருக்கிறேன்.

11:40

அதே கேபிளை ஏழாம் போர்ட்டில் போட்டேன். இல்லை. எட்டு. இல்லை. செருகுகிற முனைத்துண்டு கெட்டிருக்கலாம் என்று உபரியில் ஒன்றை எடுத்து மாட்டினேன். இல்லை. இன்னொன்று. அதுவும் இல்லை.

பூமியில் உதிரிபாகம் கட்டி அனுப்பிய புண்ணியவான் யாரோ, அவர் நன்றாக இருக்கட்டும். சோதித்துப் பார்க்காமல் அனுப்பியிருக்கிறார். ஊருக்குப் போனதும் முதல் வேலை அவரை நேரில் போய்ப் பார்ப்பதுதான்.

12:50

பழைய பெட்டியையே திரும்ப மாட்டிவிடலாம், இருபது நிமிடத்துக்கு ஒருமுறை நின்றாலும் பரவாயில்லை என்று எடுத்தேன். மின்சாரம் கொடுத்ததும் உள்ளே பட்டென்று ஒரு சத்தம், கருகல் நாற்றம். அவ்வளவுதான். அந்த வழியும் அடைந்துவிட்டது.

இரண்டு மணி பத்து நிமிடம் இருக்கிறது.

13:45

விண்வெளி உடுப்பிலிருக்கும் ரேடியோவை எடுத்து ஜன்னலோரம் வைத்துக் கூப்பிட்டேன். "காக்கா, கேட்குதா, சிக்னல் இல்லை, இறங்காதீங்க, சுத்திக்கிட்டே இருங்க." அது இரண்டு கிலோமீட்டர்தான் எட்டும். தெரிந்துதான் கூப்பிட்டேன். இரைச்சல் தவிர ஒன்றுமில்லை.

வெளியே போய்க் கோபுரத்தடியில் பார்க்கலாமா என்றால், உடுப்பு மாட்டி அதன் குறைந்த காற்றழுத்தத்துக்கு உடம்பைப் பழக்கவே இரண்டு மணி நேரம் ஆகும். அதற்குள் எல்லாம் முடிந்துவிடும்.

14:20

விதிமுறையைத் தூக்கி எறிந்துவிட்டேன். ஃபயர்வாலே வேண்டாம். கோபுரத்துக் கேபிளை நேராக வழிகாட்டிக் கணினியில் செருகினேன். என்னை வேலையை விட்டு அனுப்பட்டும், பரவாயில்லை.

அதிலும் விளக்கு எரியவில்லை.

அப்படியானால் பெட்டியில் தப்பில்லை. போர்ட்டில் தப்பில்லை. உதிரிபாகம் அனுப்பியவர்மேலும் தப்பில்லை. காலையில் ஒன்பது மணிக்கு நன்றாக இருந்த கேபிள் பத்து மணிக்கு எப்படிச் செத்தது? நான் மடிக்கவில்லை. மிதிக்கவில்லை. கழற்றினேன், செருகினேன். வேறென்ன செய்தேன்? யோசி உலகம்மை, யோசி.

15:02

நேரம் தாண்டிவிட்டது. சிக்னல் வராவிட்டால் இறங்கக்கூடாது, மேலே திரும்பிவிட வேண்டும் என்பது விதி. காக்கா திரும்பியிருப்பார். சுற்றிக்கொண்டே என்னை வாயார வைதுகொண்டிருப்பார். வையட்டும்.

இப்போது மேசை லேசாக அதிர்ந்தது. அதிர்வுக் கருவி ஒரு கோடு இழுத்திருக்கிறது. அதைப் பார்க்க நேரமில்லை.

15:25

கண்டுபிடித்துவிட்டேன்.

கல் பார்க்கிற மைக்ராஸ்கோப்பின் கீழே கேபிளின் முனையை வைத்தேன். கண்ணாடி இழையின் நட்டநடுவில் சிவப்பாக ஒரு துகள். பக்கத்தில் இன்னும் மூன்று. சுற்றிலும் வெளுப்பாக ஈஷியிருக்கிறது.

குங்குமம். சந்தனம்.

பொட்டு வைத்த விரலைச் சட்டையில் துடைத்துவிட்டு, அதே விரலால் கேபிள் மூடியைக் கழற்றியிருக்கிறேன். ஒளி போகிற வழி தலைமயிரைவிட மெல்லிசு. ஒரு துகள் போதும் அடைக்க. பயிற்சியில் முதல் நாளே சொல்லித் தருவார்கள்: துடை, பார், பிறகு செருகு. நான் துடைக்கவில்லை. பார்க்கவில்லை. மூன்றில் செருகி, அழுக்கை அங்கே ஒட்டவைத்து, அப்புறம் ஏழு, எட்டு, உபரித் துண்டு இரண்டு, கணினி என்று ஒவ்வொன்றாக எல்லாவற்றையும் என் கையாலேயே கெடுத்திருக்கிறேன். ஆறு மணி நேரம். இந்தக் கையை என்ன செய்வது?

ஆறாம் போர்ட்டை இன்னும் தொடவில்லை. முதலுதவிப் பெட்டியில் ஸ்பிரிட் பஞ்சு இருக்கிறது.

15:41

பச்சை! ஆறாம் போர்ட் பச்சை! மூன்றுக்கு இருந்த விதிகளை ஆறுக்கு மாற்றி எழுதினேன். சிக்னல் போகிறது. கடவுளே, போகிறது. காக்கா, இப்போது வாருங்கள், எத்தனை சுற்று வேண்டுமானாலும் சுற்றிவிட்டு வாருங்கள்.

கோபுரம் காலையிலிருந்து பிடித்துவைத்திருந்த செய்திகள் உள்ளே வருகின்றன. ஒவ்வொன்றாக எழுதுகிறேன்.

14:38: "உலகம்மா, சிக்னல் வரலியே. சாப்பாட்டுக்குப் போயிட்டியா? சீக்கிரம் வா பிள்ள."

14:46: "இன்னும் வரல. வெளயாடாத. நாங்க கீழ எறங்க ஆரம்பிச்சாச்சு."

14:51: "இங்க பாரு. திரும்ப மேல போக எரிபொருள் பத்தாது. கணக்கு போட்டுப் பாத்துட்டேன். நீ கேக்கியா இல்லியான்னு தெரியல. கோபுரத்துல வெளக்கு இருக்குல்லா, அத மட்டும் போட்டு வுடு. இருட்டுல ஒரே ஒரு வெளிச்சம் தெரிஞ்சா போதும், கண்ணால பாத்து எறங்கிருவேன்."

கோபுர விளக்குக்குக் கைச்சுவிட்ச் இருக்கிறது. காற்றறைக் கதவுக்குப் பக்கத்தில். நான் உட்கார்ந்திருக்கிற இடத்திலிருந்து ஏழெட்டு அடி. அதற்கு நெட்வொர்க்கும் வேண்டாம், போர்ட்டும் வேண்டாம். எனக்குத் தோன்றவேயில்லை. ஆறு மணி நேரமும் இந்தப் பெட்டியின் முகத்தையே பார்த்துக்கொண்டு இருந்துவிட்டேன்.

14:56, மரியபுஷ்பத்தின் குரல்: "அக்கா, வெளக்கப் போடுங்கக்கா. கீழ ஒண்ணுமே தெரியல. அக்கா, ப்ளீஸ்க்கா."

14:59: "ஆ, தெரியுது! போட்டுட்டியா தாயி! நல்லா இருப்ப. இந்தா, அத வச்சே வாரோம். புஷ்பம், பெல்ட்ட இறுக்கிக்கோ. உலகம்மா, டீய போட்டு வையி."

அதற்குப் பிறகு செய்தி இல்லை.

15:50

நான் எந்த விளக்கையும் போடவில்லை.

அவர்கள் பார்த்தது மேற்குப் பாறை உச்சியில் விழுந்த வெயில். பள்ளத்தின் விளிம்பு அது. நேற்று நானே எழுதி வைத்திருக்கிறேன். 15:02-இல் மேசை அதிர்ந்ததையும் நானே எழுதி வைத்திருக்கிறேன், நேரமில்லை என்று.

கருவி இழுத்த கோட்டை இப்போது பார்த்தேன். அதிர்வு மேற்கிலிருந்து.

15:57

பூமியிலிருந்து: "முகட்டு நிலையம், இணைப்பு திரும்பியதில் மகிழ்ச்சி. இறங்குகலம் பத்திரமாக வந்து சேர்ந்ததா? உறுதிப்படுத்தவும்."

மூன்று தடவை கேட்டுவிட்டார்கள்.

16:10

கலத்தைக் கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறேன். பதில் இல்லை. அவர்களுடைய உடுப்பில் எட்டு மணி நேரத்துக்குக் காற்று இருக்கும். ஒரு மணி நேரம் போய்விட்டது. பாறைவரை வண்டியில் நாற்பது நிமிடம். அதற்குமேல் கயிறு கட்டி எவ்வளவு தூரம் இறங்க முடியுமோ தெரியாது. உடுப்பு மாட்டுகிறேன். உடம்பைப் பழக்க நேரமில்லை, அப்படியே போகிறேன்.

இதைப் படிக்கிறவருக்கு: ஆறாம் போர்ட்டில் இருக்கிற கேபிளைத் தொடாதீர்கள். மற்ற போர்ட் எல்லாம் அழுக்கு.

கோபுர விளக்கைப் போட்டுவிட்டேன். என்ன ஆனாலும் அணைக்காதீர்கள். அவர்கள் இரண்டு பேரும் நடந்து வந்துகொண்டிருக்கலாம். டீ போட்டு பிளாஸ்கில் வைத்திருக்கிறேன், சர்க்கரை காக்காவுக்குக் கொஞ்சம் கூடுதல்.