இரு தெருவுக்கும் ஒரே உப்பு

அனுப்புநர்:
நா. சேனாதிபதி,
உருளைக்கிழங்கு விவசாயி,
மேலத்தெரு, பள்ளங்கி,
கொடைக்கானல் மலை.

பெறுநர்:
கனம் கலெக்டர் அவர்கள்,
மதுரை ஜில்லா.

பொருள்: எங்கள் ஊருக்கு வந்துகொண்டிருந்த அயோடின் உப்பை நிறுத்தாதிருக்கக் கோருவது.

மதிப்பிற்குரிய ஐயா,

1. நான் ஐந்தாம் வகுப்பு வரை படித்தவன். அதற்குமேல் எனக்குக் கற்பிக்க வாத்தியாரிடம் சரக்கு இல்லாதபடியால் நின்றுகொண்டேன். மனு எழுத இந்த மலையில் என்னை விட்டால் ஆளில்லை என்பதை மலைக்கோடியிலுள்ள கிளாவரை கிராமம் வரை யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

2. எங்கள் ஊரில் கன்றுகள் ரோமமில்லாமலும், ஆட்டுக்குட்டிகள் கழுத்து வீங்கியும் பிறந்து செத்துக்கொண்டிருந்தன. அதைப் பார்க்க இரண்டு வருஷத்துக்கு முன் சர்வகலாசாலையிலிருந்து கால்நடை டாக்டர் சண்முகசுந்தரி அம்மாள் வந்தார்கள். அவர்களுடைய பூதக்கண்ணாடிப் பெட்டியைத் தலையில் சுமந்து மலையேறியவன் அடியேன். வழியில் ஒரு சிறுத்தை மறித்தது. நான் தொண்டையைக் கனைத்ததும் ஒதுங்கிக்கொண்டது.

3. அம்மாள் தொழுவத்தோடு நிற்கவில்லை. வீடுவீடாகப் பிள்ளைகளின் கழுத்தைத் தடவிப் பார்த்தார்கள். கிழங்குக் காட்டு மண்ணை அள்ளிப் பொட்டலம் கட்டினார்கள். எனக்கு அத்தையும், கீழத்தெருவில் வாழ்க்கைப்பட்ட என் தங்கை கந்தம்மாளுக்கு மாமியாருமான ரெங்கம்மாள், "ஏலே சேனாதிபதி, மாட்டு டாக்டருக்கு எம் பேத்திகிட்ட என்னலே சோலி? அவ என்ன கன்னுக்குட்டியா?" என்று தெருவே கேட்கச் சத்தம் போட்டாள். அம்மாள் கோபிக்கவில்லை. "மழை இந்த மலை மண்ணுல இருந்த அயோடின்ங்கிற சத்தை அலசிக்கிட்டுப் போயிருச்சும்மா. மண்ணுல இல்லாதது புல்லுல இல்ல, புல்லுல இல்லாதது பாலுல இல்ல. உங்க கன்னுக்கும் பேத்திக்கும் ஒரே குறைதான்" என்றார்கள். நானும் முன்னமே இப்படித்தான் நினைத்திருந்தேன், வெளியே சொல்லவில்லை.

4. அந்தப் பேத்தி என் தங்கை மகள் சண்முகவள்ளி. வயது ஆறு. அப்போது கழுத்தில் கழலை. கூப்பிட்டால் திரும்ப நேரமாகும். பேச்சு "மா" என்பதோடு சரி. சிறுத்தை விஷயத்தில் ஒரு முழம் கூடியிருக்கலாம், ஐயா. இதில் நான் எதையும் கூட்டவில்லை.

5. அயோடின் கலந்த உப்பு எங்கள் மேலத்தெருவுக்கு, அதே மாதிரிப் பொட்டலத்தில் வெறும் உப்பு கீழத்தெருவுக்கு, வருஷக் கடைசியில் இரண்டு தெருவின் பிள்ளைகளையும் மாடுகளையும் ஒப்பிட்டுப் பார்ப்பது என்று சர்வகலாசாலைக் கமிட்டியார் திட்டம் போட்டார்கள். எதில் எது என்று எங்களுக்குச் சொல்லவில்லை. எங்கள் கன்றுகள் துள்ளிக்கொண்டு பிறந்ததும் ஊருக்கே தெரிந்துபோயிற்று.

6. கமிட்டியார் தெருவைப் பிரித்தார்களே தவிர உறவைக் கேட்கவில்லை. மேலத்தெருவும் கீழத்தெருவும் பெண் கொடுத்துப் பெண் எடுக்கும் மாமன் மச்சான்கள். பெண் வயிற்றில் பிள்ளை தங்கினால் பிறந்த வீட்டிலிருந்து சோறு ஆக்கிக் கொண்டுபோய்க் கொடுப்பது எங்கள் வழக்கம். அந்தச் சோற்றிலும் குழம்பிலும் எங்கள் உப்புதானே இருக்கும்? மாட்டுக்கு உப்பு வைக்கும் பாறையும் ஊருக்கு ஒன்றுதான். எந்தத் தெரு மாடென்று பாறை கேட்பதில்லை. சோற்றோடு நில்லாமல் பொட்டலத்தையே முதலில் கீழத்தெருவுக்குக் கொண்டுபோனவன் நான் என்பதையும் பெருமையுடன் தெரிவித்துக்கொள்கிறேன். சண்முகவள்ளியின் கழுத்தைப் பார்த்துக்கொண்டு என்னால் அதை என் வீட்டில் மட்டும் வைத்திருக்க முடியவில்லை.

7. ஆகவே இரண்டு தெருவும் ஒன்றுபோலத் தேறின. கமிட்டியாரோ, வித்தியாசம் இல்லாததால் உப்பில் பலன் இல்லை என்று தீர்மானித்து நிறுத்தச் சொல்லிவிட்டார்கள். நாங்கள் நடந்ததைச் சொன்னதும் அம்மாள் அந்தப் பாறைமேலேயே உட்கார்ந்துவிட்டார்கள். "என் ரெண்டு வருஷ வேலைய உங்க மாடுக நக்கிருச்சே, அண்ணே" என்று முதலில் சிரித்தார்கள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நான் இந்த ஊர்ல வாக்கப்பட்டிருந்தா நானும் கொடுத்துத்தான் இருப்பேன்" என்றார்கள். உண்மையைக் கமிட்டியாருக்கு எழுதியும் பார்த்தார்கள். ஆராய்ச்சி கெட்டது கெட்டதுதான், வரும் வருஷம் புதிதாகத் தொடங்கலாம், அதுவரை யாருக்கும் உப்பு இல்லை என்று பதில் வந்தது.

8. சண்முகவள்ளிக்குக் கழலை வற்றிவிட்டது. என்னைக் கண்டால் "மாமா" என்கிறாள். நாலு வார்த்தை சேர்த்துப் பேச வருமா என்று அம்மாளிடம் கேட்டேன். தாய் வயிற்றில் கிடைக்காமல் போனதைப் பிறகு முழுவதும் கொடுத்துவிட முடியாது என்றார்கள்.

9. கந்தம்மாளுக்கு இப்போது நாலாம் மாதம். இருக்கிற உப்பு ஆவணி வரை காணும். இந்த மனு அதற்காகத்தான்.

10. உப்பு சர்க்கார் சரக்கு என்பதால், தொடர்ந்து அனுப்பும்படி உத்தரவிடத் தங்களுக்கு அதிகாரம் உண்டு என்று கேள்விப்படுகிறேன். கமிட்டியார் மறுபடி ஆராயட்டும். அவர்கள் தங்கியிருக்கும் நாளெல்லாம் சாப்பாடு என் வீட்டில். ஆனால் ஒப்பிட்டுப் பார்க்க உப்பில்லாத தெரு ஒன்று அவசியம் வேண்டும் என்கிறார்கள். அப்படியானால் தாங்களே ஒருமுறை பள்ளங்கிக்கு எழுந்தருளி, கந்தம்மாள் பார்த்துக்கொண்டிருக்க, அது எந்தத் தெரு என்று கையைக் காட்ட வேண்டும். காட்டத் தங்களுக்கு மனம் வராவிட்டால், தயவுசெய்து வெரசா உப்பு லாரியை அனுப்பச் சொல்ல வேண்டும்.

பள்ளங்கி,
18-7-1963.

தங்கள் உத்தரவுக்குக் காத்திருக்கும்,
நா. சேனாதிபதி
(சண்முகவள்ளியின் தாய்மாமன்)