ரோஸ்லினம்மாவுக்கு நான் எழுதிக் கொடுத்த பயோடேட்டா

11 ஜூன் 2006, ஞாயிறு

குழாயில் மஞ்சீரா ஆற்றுத் தண்ணீர் இன்று பன்னிரண்டு நிமிடம் வந்தது. அதற்குள் நானும் லலிதாவும் ஒரு சமுத்திரத்தையே குடங்களில் அடைத்துவிட்டோம். லலிதா கணக்கில் ஒன்பது குடம். நான் எதைச் சொன்னாலும் பத்தால் வகுத்துக்கொள்வது, கல்யாணமான நாளிலிருந்து அவள் வழக்கம்.

காலையில் கால்பந்து உலகக் கோப்பை மறுஒளிபரப்பு. ஆட்டம் ஜெர்மனியில் நடக்கிறது. ஒரு ஆட்டக்காரன் மூச்சிரைக்க ஜெர்மனில் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தான். மாடி போர்ஷனில் குடியிருக்கும் ரோஸ்லின், இட்லிப் பாத்திரத்தைத் திருப்பித் தர வந்தவர், வாசற்படியில் நின்றபடியே சிரித்தார். "கணுக்கால் வலிக்கு. ஆனா ஊர்ல அம்மா டிவி பாத்துட்டிருப்பாவ, அதனால வலிக்கலைன்னு சொல்லுதேங்கான்."

என் தங்கை மகள் அஸ்வினி சோபாவிலிருந்து எழுந்தே விட்டாள். எங்களோடு தங்கி கச்சிபௌலியில் கம்ப்யூட்டர் வேலை பார்ப்பவள். அவள் கம்பெனிக்கு ஜெர்மனியில் பெரிய வாடிக்கையாளர். அங்கே வேலை பார்க்கும் பிள்ளைகளுக்கு ஜெர்மன் சொல்லிக் கொடுக்க இதுவரை மூன்று பேரைப் பிடித்தார்களாம். முதல் ஆள் எம்.ஏ.; ஒரு ஜெர்மன்காரரைக் கூட நேரில் பார்த்ததில்லை. இரண்டாவது ஆள் மூன்று மாதம் கேசட் கேட்டுப் படித்தவர். மூன்றாவது ஆளின் ஒரே தகுதி, ஜெர்மன் கம்பெனி மிக்ஸி விற்றது. (இது நான் சேர்த்ததில்லை. சத்தியம்.)

"ஆன்ட்டி, பயோடேட்டா கொடுங்க. நான் ரெஃபர் பண்றேன்" என்றாள் அஸ்வினி.

ரோஸ்லின் என்னைப் பார்த்தார். இந்தத் தெருவில் எழுத்து வேலை என்றால் வேறு யார்? ரயில்வேயில் முப்பத்தைந்து வருடம் எழுதிய பேனா இது. என் மனுவைப் படித்து மூன்று ஜெனரல் மானேஜர்கள் கண்ணீர் விட்டிருக்கிறார்கள்.

14 ஜூன்

ரோஸ்லின் தன் சரித்திரத்தைச் சொன்னார். தூத்துக்குடி. எட்டாம் வகுப்பு. பதினெட்டு வயதில் கன்னியாஸ்திரீ ஆக ஜெர்மனிக்கு அனுப்பினார்கள், ஆகவில்லை. அந்த மடத்துச் சிஸ்டர்கள் நடத்தும் முதியோர் இல்லத்துச் சமையலறையில் பதினான்கு வருடம் வேலை. உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டே பேச்சுக் கற்றது. பிறகு செகந்திராபாத்தில் ராணுவத்தில் இருந்த அண்ணனிடம் வந்தது, அண்ணன் இறந்துபோனது, ஒரு ஹாஸ்டலில் மெஸ் பார்ப்பது.

"அம்புட்டுதான் அண்ணாச்சி."

அம்புட்டுதானா! ஒரு பெண்மணி ஏழு கடல் தாண்டிப் போய் ஒரு தேசத்தின் நாக்கையே பிடுங்கிக்கொண்டு வந்திருக்கிறாள், அம்புட்டுதானாம்.

அந்த ஊரில் பல்கலைக்கழகம் உண்டா என்று கேட்டேன். உண்டு, அங்கேயிருந்து மாணவர்கள் வந்து கிழவர்களுக்குப் பேப்பர் வாசித்துக் காட்டுவார்கள் என்றார். போதாதா? முதல் படியில் 'பல்கலைக்கழக மாணவர்களுடன் பதினான்கு ஆண்டுப் பழக்கம்' என்று எழுதினேன். இரண்டாம் படியில் 'பல்கலைக்கழகத்துடன் தொடர்பு'. மூன்றாம் படியில் — கை சூடேறிவிட்டது — 'ஜெர்மன் மொழியில் டிப்ளமா'. சமையலறை 'உணவு மற்றும் பண்பாட்டுத் துறை' ஆயிற்று.

எழுத்துக் கூட்டி வாசித்துப் பார்த்தார். "என்னத்த எழுதியிருக்கீய? பொய் இல்லியே?"

"பொய் இல்லம்மா. விரிவாக்கம். பயோடேட்டான்னா எல்லாரும் இப்படித்தான்."

கையெழுத்துப் போட்டார். பார்க்கவே பெருமையாக இருந்தது. எனக்கு, என்னைப் பார்த்து.

3 ஜூலை 2006

வெற்றி! மாதிரி வகுப்புக்கு ஒரு பை நிறையக் காய்கறி கொண்டுபோனாராம் ரோஸ்லின். மேஜையில் பரப்பிவிட்டு, ஆளுக்கு ஒன்றாகக் கேட்டு வாங்கச் சொல்லியிருக்கிறார். ஜெர்மனில் சரியாகக் கேட்டால்தான் தக்காளி கிடைக்கும். ஒரு மணி நேரத்தில் நானூறு எஞ்சினியர்கள் ஜெர்மனில் கத்திரிக்காய்க்குச் சண்டை போட்டிருக்கிறார்கள். அஸ்வினி கணக்கில் பன்னிரண்டு பேர்.

அங்கேயே வேலை கொடுத்துவிட்டார்கள். தினமும் கம்பெனி வண்டி தெருமுனைக்கு வந்து ஏற்றிக்கொள்ளும். எல்லாம் பயோடேட்டா பண்ணின வேலை என்றேன் லலிதாவிடம். அவள் கொத்தவரங்காய் நறுக்குவதை நிறுத்தவில்லை.

22 அக்டோபர் 2007

அஸ்வினி ஸ்டட்கார்ட்டிலிருந்து போன். ஆறு மாத வேலையாகப் போயிருக்கிறாள். அங்கே ஆபீசில் எல்லாரும் அவளிடம் கேட்கிறார்களாம்: இவ்வளவு மரியாதையாக, எண்பது வயதுக்காரர்கள் மாதிரிப் பேச யார் சொல்லிக் கொடுத்தது என்று. ரோஸ்லினிடம் சொன்னதும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். "நான் பேசினது பூரா அவங்க கூடத்தானே."

14 ஜனவரி 2009

பொங்கல். ரோஸ்லின் வீட்டுக் கேக், நம் வீட்டுச் சர்க்கரைப் பொங்கல், பரிமாற்றம். நம் ஊரின் ஒரு பெரிய கம்பெனியில் ஏதோ பொய் வெளியே வந்து, போன வாரம் முழுக்கப் பேப்பரில் அதுதான். இனி எல்லாக் கம்பெனியிலும் சல்லடை போட்டுச் சலிப்பார்கள் என்கிறாள் அஸ்வினி. சலிக்கட்டும், நமக்கென்ன.

9 பிப்ரவரி 2009, திங்கள்

நமக்கென்ன என்று எழுதியிருக்கிறேன். போன மாதம்தான். என் கையால்.

ரோஸ்லின் மாலையில் ஒரு படிவத்தோடு வந்தார். ஆசிரியர்கள் எல்லாரும் சான்றிதழ் நகல் இணைக்க வேண்டும். பின்னணி சரிபார்க்க வெளியாள் வைத்திருக்கிறார்களாம். "அண்ணாச்சி, டிப்ளமா நகல் கேக்காங்க. என்கிட்ட அப்படி ஒண்ணும் கிடையாதே. நீங்க என்னத்த மனசுல வெச்சு எழுதினிய?"

என்னத்தை வைத்து எழுதினேன்? லலிதா அடுப்படியிலிருந்து பார்த்தாள். பார்க்கலாம், பேசலாம் என்று ஏதோ சொன்னேன். 

12 பிப்ரவரி

எழுத வெட்கம். எழுதத்தான் வேண்டும். கோட்டி கடைத்தெருப் பக்கம் ஒரு சந்தில் எந்தச் சான்றிதழும் அச்சடித்துத் தருவான் என்று கேள்விப்பட்டுப் போனேன். ஒரு ஜெராக்ஸ் கடைதான். எந்த வருஷம் வேண்டும், எந்த கிளாஸ் போடட்டும் என்று ஹிந்தியில் கேட்டான், டீ குடித்துக்கொண்டே.

என் வாய், என்னைக் கேட்காமல், "கோல்ட் மெடல்" என்றது.

அவன் அதையும் குறித்துக்கொண்டான். அந்தப் பென்சில் நகர்வதைப் பார்த்தேன். "நக்கோ பாய், நக்கோ", வேண்டவே வேண்டாம் என்று சொல்லிவிட்டு ஓடி வந்தேன். நிஜமாகவே ஓட்டம். அறுபத்தாறு வயதில். ஸ்கூட்டரை அங்கேயே விட்டுவிட்டு, மறுபடி போய் எடுத்து வந்தேன்.

15 பிப்ரவரி

ரோஸ்லின் படிவத்தில் தன் கையால் 'சான்றிதழ் இல்லை' என்று எழுதிக் கொடுத்துவிட்டார். என்னிடம் கேட்கவில்லை.

23 பிப்ரவரி, திங்கள்

கச்சிபௌலிக்குப் போய் மனிதவள அதிகாரி வேணுகோபாலைப் பார்த்தேன். சித்தூர்க்காரர், தமிழ் நன்றாகத் தெரியும். குற்றம் என்னுடையது என்று பதினோரு பக்கம் எழுதிப் போயிருந்தேன். முதல் பக்கத்தைப் பாதி படித்துவிட்டுக் கீழே வைத்தார்.

ஜெர்மனியிலிருந்து பதில் வந்துவிட்டதாம். பல்கலைக்கழகம் ஒரே வரியில், அப்படி ஒரு பெயர் எங்கள் பதிவில் இல்லை என்றது. முதியோர் இல்லத்திலிருந்து ஒரு வயதான சிஸ்டர் முழுப் பக்கம் எழுதியிருக்கிறார். வேணுகோபால் கம்ப்யூட்டரைத் திருப்பிக் காட்டினார். பதினான்கு வருடமும் சமையலறையில் இருந்தாள்; நோயாளிகளுக்கு உட்கார்ந்து ஊட்டிவிடுவாள்; அவளைப்போல மெல்லிசாக உருளைக்கிழங்குத் தோல் சீவ இன்றுவரை யாரும் வரவில்லை; ரோஸ்லின் சுகமா, அவளுக்கு ஏதும் சிக்கலா?

அப்புறம் என்ன சார், இதையே சான்றிதழாக வைத்துக்கொள்ளக் கூடாதா என்று கேட்டேன்.

அவர் அதட்டவில்லை. அதட்டியிருந்தால் தேவலை. "சார், நீங்க எழுதிக் கொடுத்தத அப்ப யாருமே படிக்கல. அந்தம்மா கிளாஸ் எடுத்ததப் பாத்துதான் எடுத்தோம். சமையக்கட்டுன்னு எழுதியிருந்தாலும் எடுத்திருப்போம். இப்பத்தான் மொத தடவ அந்தக் காகிதத்தப் படிக்கிறோம்."

தப்பான தகவலில் கையெழுத்து இருந்தால் அவர் கையில் ஒன்றும் இல்லையாம். மாத முடிவோடு நிறுத்தம். ரோஸ்லின் பெயர், பின்னணி சரிபார்ப்பவர்களின் கறுப்புப் பட்டியலில் ஏறும். சிபாரிசு செய்த அஸ்வினிக்கு ஒரு எச்சரிக்கைக் கடிதம்.

பதினோரு பக்கத்தையும் திருப்பி வாங்கிக்கொண்டு வந்தேன். பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தும் நின்றுகொண்டே வந்தேன்.

யாருமே படிக்கவில்லை.

24 பிப்ரவரி

 சாப்பிடும்போது அஸ்வினி சொன்னாள்: "உங்களுக்கு எல்லாமே கேம் மாமா. யூ நெவர் ஆஸ்க்ட் ஹர்."

கேட்டேனே. கேட்டேனா? பல்கலைக்கழகம் உண்டா என்று கேட்டேன்.

27 பிப்ரவரி, வெள்ளி

கம்பெனி வண்டி மத்தியானமே வந்தது. ரோஸ்லின் கையில் பூச்செண்டும் பெரிய வாழ்த்து அட்டையும். மாணவர்கள் எல்லாரும் ஜெர்மனில் கையெழுத்திட்டிருந்தார்கள். லலிதா காபி கொடுத்தாள். நான் நாற்காலியில் உட்காரவும் முடியாமல், உள்ளே போகவும் முடியாமல், ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மன்னிப்பு என்ற சொல்லை எடுத்து வாயில் வைத்தால் அதுகூட ஆடம்பரமாகத்தான் வந்தது. பாதியில் நிறுத்திவிட்டேன்.

ரோஸ்லின் டம்ளரைக் கீழே வைத்தார்.

"நீங்க நல்லதுக்குத்தான் செஞ்சிய, தெரியும். ஒண்ணு மட்டும் சொல்லுதேன் அண்ணாச்சி. அந்தச் சமையக்கட்டுல நின்னதுக்கு நான் ஒரு நாளும் வெக்கப்பட்டதில்ல. நீங்க எழுதின பொறவுதான் அது வெக்கப்படுத விஷயம் போலன்னு எனக்கே தோணிச்சு. மூணு வருஷம் யார்கிட்டயும் அதச் சொல்லாம இருந்தேன்."

டம்ளரைக் கழுவி வைத்துவிட்டு மாடிக்குப் போனார்.

8 மார்ச்

ரோஸ்லின் அமீர்பேட்டையில் நான்கு இன்ஸ்டிடியூட்டில் வேலை கேட்டாராம். நான்கிலும் முதல் கேள்வி சான்றிதழ். நடந்ததை விளக்கி நான் ஒரு கடிதம் எழுதித் தரட்டுமா என்று லலிதா மூலம் கேட்டேன். நான் எதுவும் எழுதவேண்டாம் என்று லலிதா மூலம் பதில்.

19 ஏப்ரல் 2009, ஞாயிறு

ஈஸ்டர் முடிந்ததும் ரோஸ்லின் வீட்டைக் காலி செய்துவிட்டார். போவன்பள்ளியில் மாதா கோயிலுக்குப் பக்கத்தில் கீழ்வீடாம். இருக்கச் சொல்லி லலிதா எவ்வளவோ கேட்டாள். சண்டை இல்லை, கோபம் இல்லை. முட்டி வலிக்கு மாடி ஆகவில்லை என்றார். பதிமூன்று வருடம் ஏறிய மாடி.

டெம்போவில் சாமான் ஏற்ற ஒரு கை கொடுத்தேன். அதற்கு மட்டும் அனுமதி இருந்தது.

30 ஆகஸ்ட்

அஸ்வினி ரோஸ்லினை ஜெர்மன் பரீட்சைக்கு அழைத்துப் போயிருந்தாள், சான்றிதழ் ஒன்று கையில் இருக்கட்டும் என்று. முடிவு வந்தது. வாய்மொழியில் முழு மதிப்பெண். கேள்வி கேட்ட பெண் தேர்வு முடிந்த பிறகும் பேசிக்கொண்டே இருந்தாளாம். எழுத்தில் தோல்வி. எட்டாம் வகுப்போடு போனவருக்கு, பதினான்கு வருடத்தில் ஜெர்மனில் ஒரு கடிதம்கூட எழுத வேண்டி வரவில்லை.

நான் எழுதுகிறேன் எழுதுகிறேன் என்று வாழ்நாள் முழுக்க எழுதினேனே. அதில் ஒரு பக்கத்தையாவது அவருக்குக் கொடுக்க முடியுமா? என்ன பைத்தியக்காரத்தனம். கொடுத்ததால்தானே இது.

17 அக்டோபர்

தீபாவளி. ரோஸ்லின் வரவில்லை. கேக் மட்டும் அஸ்வினி கையில் வந்தது.

7 பிப்ரவரி 2010, ஞாயிறு

தனி மாநிலம் கேட்டு நடந்த பந்த் எல்லாம் ஓய்ந்து இன்றுதான் போவன்பள்ளி மார்க்கெட் ஒழுங்காக நடக்கிறது என்றார்கள். அஸ்வினியின் நிச்சயதார்த்தத்துக்கு மொத்தமாகக் காய் வாங்கப் போனேன். ஸ்கூட்டரின் இரண்டு பக்கமும் மூட்டை கட்டிக்கொண்டு, வேண்டுமென்றேதான், கோயில் தெரு வழியாக வந்தேன்.

ஒரு கேட்டில் சின்னப் பலகை. இங்கிலீஷும் தெலுங்கும், பெயிண்டில், அவர் கையெழுத்து. எழுத்துகள் சாய்ந்து சாய்ந்து போயிருந்தன.

ரோஸ்லின். ஜெர்மன் பேசக் கற்றுத் தரப்படும். படிப்பு: எட்டாம் வகுப்பு. ஜெர்மனியில் முதியோர் இல்லச் சமையலறையில் 14 வருடம் வேலை. சான்றிதழ் இல்லை.

ஒரு எழுத்துக்கூடச் சேர்க்க இடமில்லை.

ஜன்னல் திறந்திருந்தது. உள்ளே ஒரு பெண் தட்டுத்தடுமாறி ஏதோ கேட்டாள். ரோஸ்லின் திருத்தினார். அவள் மறுபடி கேட்டாள். எதையோ வாங்கிக்கொண்ட சத்தம், சிரிப்பு. நான் மூட்டைகளோடு வெளியே நின்றேன். கேட்டைத் தொட்டேன், தள்ளவில்லை. என்னவென்று சொல்லி உள்ளே போவது? நல்ல காலிஃபிளவராக இரண்டு எடுத்துக் கேட்டுக்கு உள்பக்கம் வைத்துவிட்டு வந்தேன். பாடத்துக்கு ஆகும்.

வீட்டில் சொன்னேன். லலிதா மூட்டையை அவிழ்த்துக்கொண்டே கேட்டாள், "எத்தன பேர் படிக்கிறாங்க?"

"வாசல்ல நாலு ஜோடி செருப்பு. ஒண்ணு அவங்களோடது. மூணு பேர்."

அவள் கை நின்றது. நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தாள்.

"மூணா?"

"மூணு. ரெண்டு தடவ எண்ணினேன்."