தேவதைக்கு ஒரே ஒரு வரி

அன்புள்ள மகனுக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் உடம்பளவில் சுகமாகத்தான் இருக்கிறோம், நீயும் மருமகளும் என் பேத்திக் குட்டியும் அங்கே அப்படியே இருக்க வேண்டும். மனசளவில் எப்படி என்று கேட்காதே, அதைச் சொல்லத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன். போனில் பேசினால் நீ குறுக்கே புகுந்து சமாதானம் சொல்வாய், நானும் சரி சரி என்று வைத்துவிடுவேன். கடிதத்தில் உன்னால் குறுக்கே பேச முடியாது, அதனால் முழுக்கப் படி.

முதலில் உன் புத்தகத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். கண்ணாடிச் செருப்புக் கதையை நீ மாற்றி எழுதியிருந்ததைப் படித்துவிட்டு எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. அரண்மனைக்காரன் செருப்பைக் கொண்டுவந்து நீட்டும்போது அந்தப் பெண், இதைப் போட்டு நடக்கவே முடியாது, நீங்களே போட்டுப் பாருங்கள் என்று சொல்லிவிட்டு கப்பல் கட்டக் கற்றுக்கொள்ளக் கிளம்புகிறாளே, அந்த இடத்தில் நான் தையல் மிஷினை நிறுத்திவிட்டுச் சிரித்தேன். தைக்க வந்தவர்கள், வாங்க வந்தவர்கள், சும்மா நிழலுக்கு நின்றவர்கள் எல்லாரிடமும் காட்டினேன். எனக்குப் பட்டன் துளைக்குக் காஜா எடுத்துத் தரும் அக்கா, உன் பிள்ளை புத்தகத்தைக் கண்ணில் காட்டாமல் நீ யாருக்கும் பட்டன்கூட வைப்பதில்லை என்று கேலி செய்தாள். பக்கத்துப் பள்ளிக்கூடத்து டீச்சர் வாங்கிக்கொண்டு போய், ஆண்டு விழாவுக்கு இதையே நாடகமாகப் போடுகிறோம் என்று சொல்லி, பிள்ளைகளுக்கான உடைகளையும் என்னிடமே தைக்கக் கொடுத்துவிட்டாள். இதுவரைக்கும் எல்லாம் சந்தோஷம்தான்.

இந்தச் செவ்வாய்க்கிழமை டீச்சர் அளவெடுக்கப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வந்தாள். கப்பல்காரிக்கு நீலம், ராஜகுமாரனுக்குச் சரிகை, எலிக்குக்கூட வால் உண்டு. ஓரமாக ஒரு பெண் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு நின்றாள், முன்பல் ரெண்டும் விழுந்திருந்தது. நீ யாரம்மா என்றேன். தேவதை என்றாள். அவளுக்குத் தனியாக உடை வேண்டாம், மேலே ஒரு ஏப்ரன் போதும், வீட்டு வேலை செய்கிறவள்தானே என்றாள் டீச்சர். எனக்கு மனசு கேட்காமல் அளவெடுத்தேன். அப்போது அந்தக் குழந்தை சொன்னது, எனக்கு ஒரே ஒரு வரிதான் ஆன்ட்டி, நீ போ கண்ணு, வீட்டை நான் பாத்துக்கறேன், அதைக் கப்பல்காரிகிட்ட சொல்லிட்டு, அவ துடைப்பத்தை வாங்கிப் பெருக்கணும், திரை விழுற வரைக்கும் பெருக்கிக்கிட்டே இருக்கணும். அப்புறம் தேவதை எங்கே போவாள் என்று கேட்டேன். எங்கயும் போகமாட்டா, அதுக்குள்ள கப்பல் பாட்டு வந்துடும் என்றாள்.

அளவுநாடா என் கையிலேயே நின்றுவிட்டது. ஏனென்றால் அன்றைக்குக் காலையில்தான் நீ போனில் அனுப்பிய செய்தியைப் படித்திருந்தேன். மருமகளை அவள் வேலை பார்க்கும் லிஃப்ட் கம்பெனியில் மேற்பார்வைப் பயிற்சிக்குத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள், ஆறு மாதம் வேறு ஊரில் தங்க வேண்டும், வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும், அம்மா வந்து குட்டியையும் வீட்டையும் பார்த்துக்கொண்டால் எல்லாம் சரியாகிவிடும், தையல்தானே, எங்கே உட்கார்ந்தும் தைக்கலாம், அவளுக்காகத்தான் கேட்கிறேன், நீ வராவிட்டால் பாவம் அவள் வேண்டாமென்று எழுதிக் கொடுத்துவிடுவாள். இதுதானே நீ எழுதியது. ஒரு எழுத்துகூட நான் கூட்டவில்லை.

தையல்தானே என்றால் என்ன அர்த்தம்? மிஷினைத் தலையில் வைத்துக்கொண்டு வரட்டுமா, இல்லை என் வாடிக்கைக்காரர்களைப் பெட்டியில் போட்டு எடுத்து வரட்டுமா? என் கடையைச் சாத்தினால் காஜா அக்காவுக்கும் வேலை கிடையாது. சரி, அதுகூடப் போகட்டும். வர முடியுமா அம்மா என்று நீ கேட்கவே இல்லையே, வந்தால் சரியாகிவிடும் என்று நீயே முடிவு செய்துவிட்டாயே. கடைத் தேங்காயை எடுத்து வழிப்பிள்ளையாருக்கு உடைத்த கதைதான். உன் பெண்டாட்டிக்கு நீ சுதந்திரம் கொடுப்பாயாம், அதற்கு உழைப்பு என்னுடையதாம். உன் கதையில் கொடுமைக்காரச் சித்தியே கிடையாது என்று பெருமையாகச் சொன்னாய். எனக்கு மட்டும் ரெண்டே வேஷம் வைத்திருக்கிறாய், வந்தால் தேவதை, வராவிட்டால் மருமகளின் முன்னேற்றத்தைக் கெடுத்த சித்தி. ரெண்டுமே எனக்கு வேண்டாம். ஊருக்குத்தான் உபதேசமா?

இன்னொன்றும் கேட்கிறேன். வேலையிலிருந்து ஓய்வு வாங்கிக்கொண்டு ஒரே பேப்பரை மூன்று தடவை படிக்கிறவர் இந்த வீட்டில் உன் அப்பா. உனக்கு ஒத்தாசைக்கு ஆள் வேண்டும் என்றபோது அவர் நினைப்பு ஏன் வரவில்லை? நீங்கள் போய்வருகிறீர்களா என்று அவரிடமே கேட்டுப் பார்த்தேன். நான் போய் அங்க என்ன பண்றது என்றார். நான் போய் என்ன பண்ணுவேன் என்று மட்டும் யாருக்கும் சந்தேகமே வருவதில்லை. அதைச் சொன்னதும் பேப்பரை முகத்துக்கு நேராகத் தூக்கிக்கொண்டார். நான் ஆறு மாதம் இல்லாவிட்டால் சமாளித்துக்கொள்வாராம், சொல்லி முடிப்பதற்குள் மூக்குக்கண்ணாடி எங்கே என்று என்னைத்தான் கூப்பிட்டார்.

டீச்சரிடம், தேவதைக்கு இன்னும் ரெண்டு வரி கொடுங்கள் என்றேன். எழுதினவர் கோவிச்சுக்க மாட்டாரா என்றாள். எழுதினவனைப் பெத்தவ நான், கோவிச்சுக்கறது என் முறை என்றேன். அது விஷயமாக டீச்சர் உன்னிடம் பேசுவாள், பதில் சொல்லு.

நேற்று மத்தியானம் நீ ஆபீசில் இருக்கிற நேரம் பார்த்து மருமகளுக்குப் போன் போட்டேன். எடுத்ததுமே, அத்தை, உங்களைக் கேக்க வேண்டாம்னு அவர்கிட்ட அவ்வளவு சொன்னேனே என்றாள். அவள் வேண்டாம் என்று சொல்லியும் கேட்டிருக்கிறாய், அதையும் எனக்கு மறைத்திருக்கிறாய். நான் வரவில்லை என்று அவளிடம் சொன்னேன். பரவாயில்லை அத்தை, நான் வேண்டாம்னு எழுதிக் குடுத்துடறேன் என்றாள். எனக்கு வந்ததே கோபம். நான் வரலேன்னுதானே சொன்னேன், நீ போக வேண்டாம்னு எப்போ சொன்னேன் என்று கத்திவிட்டேன், வாசலில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். குட்டியை யார் பாத்துக்கறது என்றாள். அவளுக்கு அப்பன்னு ஒருத்தன் இருக்கானே என்றேன். அவர் சமாளிப்பாரா அத்தை என்றாள். அதைக் கேட்டதும் எனக்கு உன்மேல் இருந்த கோபம் இன்னும் ஏறிவிட்டது, இத்தனை வருஷம் கூடக் குடித்தனம் பண்ணுகிறவளுக்கு இந்தச் சந்தேகம் வரும்படியா நடந்துகொள்வது?

உன் ஆபீசில் ஒருத்தர் கால் முறிந்தபோது மாதக்கணக்கில் வீட்டிலிருந்தே வேலை பார்த்தார் என்று நீதான் சொன்னாய். கால் முறிந்தால்தான் கேட்க வேண்டுமா? பிள்ளை இருக்கிறது என்று போய்க் கேள். பகல்நேரக் குழந்தைகள் காப்பகத்தில் சாயங்காலம் எத்தனை மணிக்குக் கதவைச் சாத்துவார்கள் என்று விசாரி. நேரம் தப்பினால் குட்டி வாசலில் அழுவாள், அவளுக்கு உன் கப்பல் கதை ஒன்றும் புரியாது. சாப்பாடு சுமாராக இருந்தால் யாரும் செத்துவிட மாட்டார்கள். சந்தேகம் வந்தால் எனக்குப் போன் போடு, எத்தனை தடவை கேட்டாலும் சொல்வேன், ஆனால் பெட்டி கட்டமாட்டேன்.

நீயும் குட்டியும் நோய்நொடி இல்லாமல் இருங்கள். எடுத்த காரியத்தில் மருமகள் ஜெயித்து வரட்டும், அவளுக்கு என் ஆசீர்வாதம் முழுசாக உண்டு. உனக்கும் உண்டு, கோபத்தோடுதான். இது உன் கைக்கு வருவதற்குள் அவள் சரி என்று எழுதிக் கொடுத்திருப்பாள், போனை வைக்கும் முன் என்னிடம் வாக்குக் கொடுத்துவிட்டாள். மறக்காதே, குட்டிக்குப் பாலை ஆற்றித்தான் கொடுக்க வேண்டும், எவ்வளவு ஆற வேண்டும் என்று அவள் கிளம்புவதற்குள் பக்கத்தில் நின்று பார்த்து வைத்துக்கொள்.

கோபமும் பாசமும் தீராத,
உன் அம்மா