கதையில் அம்மாவைச் சாகடிக்கச் சொன்னார்கள்

அன்புள்ள அம்மா,

எழுத்தாளர் வட்டத்தில் ஏன் சேர்ந்தாய் என்று கேட்டிருந்தாய். எனக்கே தெரியவில்லை. உன் முழங்கால் வலி குறைந்ததா?

ஒருவருக்கொருவர் கைகொடுக்கத்தான் இந்த வட்டமாம். ஆனால் தன் கதையை மற்றவர்கள் அலசும்போது எழுதியவர் வாய் திறக்கக் கூடாது. இன்று என் முறை. கதையில் வரும் அம்மா நீதான்.

"இந்தம்மா எதுக்குங்க? மூணாம் பக்கத்துலயே சாகடிச்சிடுங்க, கதை நிமிர்ந்து நிக்கும்" என்றார் வட்டத்தில் இருக்கும் ஒரு பல் டாக்டர். எல்லாரும் தலையாட்டினார்கள். நான் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கவலைப்படாதே, நீ உயிரோடுதான் இருக்கிறாய்.

போனில் உன் குரலைப் பதிவு செய்து அனுப்பு. திட்டினாலும் சரி. வாஷிங் மெஷின் கத்துகிறது, போகிறேன்.

உன் மகள்

பின்குறிப்பு, ஞாயிறு: கடிதத்தை இன்னும் தபாலில் போடவில்லை. இன்று பல் டாக்டரின் முறை. "அந்த அப்பா தண்டம் டாக்டர், முதல் பக்கத்துலயே முடிச்சிடுங்க" என்றேன். அது அவருடைய சொந்த அப்பா என்று முகத்திலேயே தெரிந்தது. நான் நிறுத்தவில்லை.