கறுப்புக் கோட்டுக்கு இரண்டு ஜோடிக் கைகள்

செல்ல மகளுக்கு அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் சுகம், அம்மாவின் முழங்கால் மட்டும் மாடிப்படியைக் கண்டால் முனகுகிறது. நீயும் வேளைக்குச் சாப்பிட்டு, குளிரில் காதை மூடிக்கொண்டு நன்றாக இருப்பாய் என்று எங்களுக்கு நாங்களே சொல்லிக்கொள்கிறோம்.

நீ அனுப்பிய பார்சல் திங்கட்கிழமை தையல் கடைக்கு வந்தது. பல் ஆஸ்பத்திரி வரவேற்பு மேசையில் உன்னைப் பார்த்துக் குழந்தைகள் அழுகிறார்கள், தினமும் போடுகிற மாதிரி மாற்றித் தாங்கப்பா என்ற உன் சீட்டைப் படித்துவிட்டுத்தான் கோட்டை வெளியே எடுத்தேன், இருந்தும் இரண்டடி பின்வாங்கினேன். தரையைத் தொடும் நீளம், வௌவால் இறக்கை மாதிரிக் கைகள், காதுவரை காலர், பதினெட்டுப் பக்கிள். வேறு இடமில்லாமல் கடை வாசல் கம்பியில் மாட்டினேன், அதுதான் நான் செய்த தப்பு. எதிர்க் கடை கடிகாரக்காரர் வந்தார், கோட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், ஸ்டூலில் உட்கார்ந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். அவருக்குத்தான் ஏதோ கஷ்டம் என்று நானும் தட்டிக்கொடுத்தேன். கடைசியில் மெல்ல, "எப்ப எடுக்கறீங்க?" என்றார். "பிரிக்கணும், வெட்டணும், தைக்கணும், வெள்ளிக்கிழமை ஆயிடும்" என்றேன். மனிதர் எழுந்து தெருவுக்குள் ஓடினார். மதியத்துக்குள் பாதித் தெரு நம் வீட்டில். செத்தது யாரென்று தெரியாமலே அம்மா பதினோரு பேருக்குத் தேநீர் போட்டிருக்கிறாள்.

இதெல்லாம் போகட்டும், கத்தரிக்கோலை எடுக்க எனக்குக் கை வரவில்லை. நீ காலேஜில் படித்தபோது உன் கறுப்புப் பாவாடை வெறிச்சென்று இருக்கிறதே என்று உன்னைக் கேட்காமல் சிவப்புப் பூ பார்டர் வைத்துத் தைத்தேன், இரண்டு மாதம் நீ என்னோடு பேசவில்லை. அந்தக் கையிலேயே மறுபடி துணியைக் கொடுத்திருக்கிறாய் என்று நினைக்கச் சந்தோஷமாகவும் இருந்தது, உதறலாகவும் இருந்தது. அந்த உதறலில் கீழே மடித்துத் தைத்து, காலரைப் படுக்கவைத்து, பக்கிள் எல்லாவற்றையும் எடுத்துவிட்டுப் பழுப்புப் பட்டன் வைத்துவிட்டேன். அம்மா போட்டுக்கொண்டு கண்ணாடி முன் நின்றாள். "நல்லாத்தான் இருக்கு. ஆனா இது நம்ம பொண்ணோடது இல்லீங்க, யாரோ பேங்க் மேனேஜரோடது" என்றாள். எனக்குச் சுருக்கென்றது. அத்தனையையும் பிரித்தேன்.

இப்போது நீளம் முழங்காலுக்குக் கீழே நான்கு விரல், பஸ் ஏறும்போது காலில் சிக்காது. காலர் நிற்கும், ஆனால் கழுத்தோடு நிற்கும். பக்கிள் மூன்று. கீழே வெட்டிய துணியிலேயே சாதாரணக் கை தைத்து, மணிக்கட்டில் லேஸ் ஒரு விரல் எட்டிப் பார்க்கவிட்டிருக்கிறேன். வௌவால் கைகளை வெட்ட மனசு வரவில்லை, தோளில் பிரஸ் பட்டன் வைத்திருக்கிறேன், வேலைக்கு ஒரு ஜோடி, லீவு நாளுக்கு ஒரு ஜோடி, மாட்டிக்கொள்ள ஒரு நிமிஷம். பிடிக்கவில்லை என்றால் கூசாமல் திட்டி எழுது, மறுபடி பிரிக்கிறேன். பேசாமல் மட்டும் இருந்துவிடாதே அம்மா.

மெஷினில் போட்டுத் துவைக்காதே, லேஸ் நூலாகிவிடும். உனக்குப் பிடித்தபடி உடுத்தி, பிடித்தபடி நிமிர்ந்து நடந்து, நூறு வயது நன்றாக இரு.

உன் அப்பா

பி.கு: கறுப்பு லிப்ஸ்டிக் எந்தக் கடையில் கிடைக்கும் என்று அம்மா எழுதச் சொன்னாள். யாருக்கு என்று கேட்டேன், முறைக்கிறாள்.