கட்டையன் தோற்றுப்போனான், மாமா

மாமா,

உங்கள் பழைய கைபேசியில்தான் இப்போது பாப்பாவுக்குப் பாட்டுப் போடுகிறேன். மூலையில் அதே விரிசல். உறைக்குள் நீங்கள் செருகி வைத்த பஸ் டிக்கெட்டைக்கூட யாரும் எடுக்கவில்லை. இன்று மத்தியானம் முயல் பாட்டு முடிந்ததும் அது தானாகவே அடுத்ததற்குத் தாவியது. பார்த்தால், இரண்டு தடியர்கள் கையுறை மாட்டிக்கொண்டு முறைத்துக்கொண்டு நிற்கிறார்கள். ஒருவன் ஒரு காலத்து ஆள், இன்னொருவன் வேறு காலத்து ஆள். உச்சத்தில் இருந்தபோது இருவரும் மோதியிருந்தால் யார் ஜெயித்திருப்பார் என்று கீழே கேள்வி. நீங்கள் போய் ஏழு மாதம் ஆகிறது. கைபேசிக்கு அது தெரியவில்லை. இன்னமும் உங்களுக்கே தீனி போட்டுக்கொண்டிருக்கிறது.

ஏழு மாதம் தாமதமாகத்தான் எழுதுகிறேன். நினைவு ஜெபத்தன்று ஆளாளுக்கு உங்களைப் பற்றி நாலு நல்ல வார்த்தை சொன்னார்கள். மருமகளும் பேசலாம் என்று பாஸ்டர் கை காட்டினார். பாப்பா அழுகிறாள் என்று சொல்லி வெளியே போய்விட்டேன். பாப்பா அழவில்லை. எனக்குச் சொல்வதற்கு ஒன்றும் அகப்படவில்லை, அவ்வளவுதான்.

ஆம்பூரில் முப்பது வருஷம் தோல் கம்பெனியில் செலக்ஷன் மேசையில் நின்றவர் நீங்கள். ஆட்டுத்தோலைத் தடவிப் பார்த்து, இது ஃபர்ஸ்ட், இது செகண்ட், இது ரிஜெக்ட் என்று பிரித்துப் போடுவது வேலை. ரிட்டயர் ஆனதும் பிரிக்கத் தோல் இல்லை. சும்மா இருந்திருக்கலாம். எங்கேயோ அமெரிக்காவில் குத்துச்சண்டை போட்டவர்களைப் பிடித்துத் தரம் பிரிக்க ஆரம்பித்தீர்கள். துணைக்கு எதிர்வீட்டு பாய். அதே கம்பெனியில் தோல் ஊறும் டிரம்மைப் பார்த்துக்கொண்டவர். கேட்டுக்குப் பக்கத்தில் இரண்டு பிளாஸ்டிக் நாற்காலி, நடுவில் டீ. உங்கள் ஆள் கட்டையன், அவர் ஆள் நெட்டையன். அவர்களின் முழுப்பெயரை நீங்கள் இருவரும் சொல்லி நான் கேட்டதே இல்லை. வாயில் நுழைந்திருக்காது.

"மூணே வருஷம். அந்த மூணு வருஷத்துக் கட்டையன எடுத்துக்கோ பாய். அவன் எதிர்ல எவன் நின்னான், சொல்லு."

"நின்னவன்லாம் கம்மி சரக்கு, தோஸ்த். நெட்டையன் காலத்துல எதிர்ல வந்தவன் ஒவ்வொருத்தனும் ஃபர்ஸ்ட் செலக்ஷன்."

"உன் ஆள் எடை இன்னா? இன்னிக்கு இருக்கறவன் பக்கத்துல நிக்க வெச்சா கோழிக்குஞ்சு."

"எடைய வெச்சி இன்னா பண்ணுவ? ஜாப் இருக்குதுல்ல ஜாப்! உன் ஆளு கிட்டயே வர முடியாது."

ஜாப் என்றால் இடக்கையை நேராக நீட்டிக் குத்துவதாம். அடுப்படியில் நான் காதைப் பொத்திக்கொண்டாலும் கேட்கும். பட்டப்படிப்பு படித்தவள் நான். இரண்டு கிழவர்கள், வாழ்நாளில் ஒருவரையும் அடித்ததில்லை, ஓர் அடி வாங்கியதும் இல்லை. கம்பெனி மேஸ்திரி சத்தம் போட்டால் "சரிங்க, சரிங்க" என்று நின்றவர்கள். இவர்கள் முடிவு சொல்லாவிட்டால் உலகம் நின்றுவிடும்போல இருக்கும். ஒரு நாளாவது ஒருவர் மற்றவரை ஒப்புக்கொள்ள வைத்தீர்களா? இல்லை. மறுநாள் பத்து மணிக்கு மறுபடியும் அதே கட்டையன், அதே மூன்று வருஷம்.

அதைவிடக் கேவலம், என் குழந்தையை அதில் இழுத்தது. வாய்ப்பேச்சு போதாமல் செய்து காட்ட ஆரம்பித்தீர்கள். பாப்பாவை பாய் மடியில் உட்கார வைத்து, அவள்தான் நெட்டையன் என்பீர்கள். நீங்கள் எதிரில் குனிந்து கட்டையன் ஆவீர்கள். பாய் "ஜாப்!" என்று கத்தி அவள் இடக்கையை நீட்டி விடுவார். நீங்கள் தலையைச் சாய்த்துத் தப்பித்து, "பாத்தியா, படல!" என்பீர்கள். அறுபத்தைந்து வயதில், ஒன்றரை வயதுக் குழந்தையின் குத்திலிருந்து தப்பித்துவிட்ட பெருமை. நான் வந்து பாப்பாவைப் பிடுங்கிக்கொண்டு போவேன். "விளையாடறோம்மா" என்பீர்கள். விளையாட்டு உங்களுக்கு.

எனக்கு அப்போதே பயம் பிடித்திருந்தது. ஒன்றே முக்கால் வயதாகியும் அவள் ஒரு சொல் பேசவில்லை. எந்த மாதத்தில் எத்தனை சொல் என்று ஓர் அட்டவணை எடுத்து ஃபிரிட்ஜில் ஒட்டியிருந்தேன். பக்கத்துத் தெருவில் அதே மாதம் பிறந்த குழந்தை எத்தனை பேசுகிறது என்று போய்க் கேட்டு வந்து அதன் ஓரத்தில் குறித்தேன். ஒரு நாள் நீங்கள் அதன் முன்னால் நின்று படித்தீர்கள்.

"இன்னாமா இது, புள்ளைக்கு ரேங்க் போட்டுக்கிட்டு இருக்க?"

"நீங்க மட்டும்? போய்ச் சேந்தவனையும் பல்லு போனவனையும் நிக்க வெச்சு ரேங்க் போடறீங்களே மாமா."

"அவனுங்க முடிச்ச சரக்கும்மா. இன்னும் முடிகூட எடுக்காத பச்சத் தோலுக்கு எவனாவது செலக்ஷன் போடுவானா?"

என் மகளை ஆட்டுத்தோலோடு சேர்த்துப் பேசிய ஒரே ஆள் நீங்கள்தான். அன்று உங்களுக்கு டீ போடவில்லை. பாய்க்கு மட்டும் கொண்டுபோய்க் கொடுத்தேன். நீங்கள் அவர் டம்ளரிலிருந்தே பாதி ஊற்றிக் குடித்துவிட்டு, மறுபடி கட்டையனுக்குப் போய்விட்டீர்கள்.

பிறகு ஒரு காலையில் குளியலறையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தீர்கள். வேலூர் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. அதற்கப்புறம் பாய் எங்கள் கேட்டைத் தாண்டவில்லை. என்னைப் பார்த்தால் தலையை ஆட்டிவிட்டு உள்ளே போய்விடுவார். எவ்வளவு தைரியசாலி பாருங்கள், ஒரு காலி நாற்காலியைப் பார்க்கத் துணிவில்லை. வீடு அமைதியானது. நான் கேட்ட அமைதிதான். பாப்பாவும் அதிலேயே உட்கார்ந்திருந்தாள், வாய் திறக்காமல்.

இரண்டு வயது தாண்டியதும் வேலூரில் பேச்சுப் பயிற்சி மேடத்திடம் கூட்டிப்போனேன். அவர் ஒரு நோட்டு வைக்கச் சொன்னார். இடப்பக்கம் குழந்தை எழுப்பும் சத்தம், வலப்பக்கம் அதனால் குழந்தை சொல்ல வந்தது என்ன. "அர்த்தத்தோட ஒரே ஒரு சொல் வந்தாப் போதும்மா, அதப் புடிச்சுக்கிட்டு மேல போகலாம். வரலன்னா பெரிய டெஸ்டுக்கு எழுதணும்" என்றார். அந்த டெஸ்ட் என்ற சொல்லோடுதான் தினமும் எழுந்தேன்.

மூன்றாவது வாரம் அது வந்தது. தட்டை எடுத்து வைத்துக்கொண்டிருந்தேன். பாப்பா என்னைப் பார்த்து, "சாப்" என்றாள். சாப்! சாப்பாடு! நான் அழுதுவிட்டேன். உங்கள் மகனுக்கு ஷூ கம்பெனிக்கே போன் போட்டுச் சொன்னேன். நோட்டில் கொட்டை எழுத்தில் எழுதினேன்: சாப், சாப்பாடு. அன்றிலிருந்து அவள் "சாப்" என்றால் போதும், சோற்றைப் பிசைந்து ஊட்டுவேன். அவள் கையை நீட்டிக் கரண்டியைத் தட்டிவிடுவாள். அடம் என்று நினைத்து இன்னும் இரண்டு வாய் திணிப்பேன். அவள் அழுவாள், வாந்தி எடுப்பாள், மறுநாள் மறுபடி "சாப்" என்பாள். நானும் மறுபடி சோறு.

"சோறு கண்டாதான் சொல்றாளா, இல்ல சும்மாவே சொல்றாளா?" என்று மேடம் கேட்டார்.

"சோறு கண்டாதான், மேடம்" என்றேன். பொய். குளிக்கும்போது சொல்வாள், படுத்திருக்கும்போது சொல்வாள். உங்கள் நாற்காலியைப் பார்த்துச் சொல்வாள். எனக்கு அந்தச் சொல் வேண்டியிருந்தது, மாமா. அதற்கு அர்த்தம் இருந்தே ஆகவேண்டியிருந்தது. கட்டையனுக்காக நீங்கள் புளுகியதெல்லாம் இதன் முன்னால் ஒன்றுமே இல்லை.

இன்று மத்தியானம் அந்தத் தடியர்கள் திரையில் வந்ததும், பின்னணியில் பேசுகிறவன் ஆங்கிலத்தில் ஏதேதோ கத்தினான். நடுவில் ஒரு சொல் எனக்கே கேட்டது. ஜாப். பாப்பா எழுந்து நின்றாள். இடக்கை நேராக நீண்டது. "சாப்!" என்று கத்தி, என்னைப் பார்த்துச் சிரித்தாள். அவள் சிரித்து ஏழு மாதம் ஆகியிருந்தது என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

செருப்புக்கூடப் போடாமல் எதிர்வீட்டுக்குப் போனேன்.

"பாய், கொஞ்சம் வர்றீங்களா?"

"இன்னாமா, புள்ளைக்கு எதுனா...?"

"கட்டையன் ஜெயிப்பானா, நெட்டையன் ஜெயிப்பானா?"

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "உனக்கு எதுக்கும்மா இந்தப் பேஜாரு?"

"வாங்க, சொல்றேன்."

கேட்டைத் தாண்டும்போது சட்டைக் கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டார். பழைய இடத்தில் உட்கார்ந்தார். கைபேசியை அணைத்தேன். தட்டு, கரண்டி எல்லாவற்றையும் உள்ளே வைத்துக் கதவைச் சாத்தினேன். பாப்பாவை அவர் மடியில் உட்கார வைத்தேன். உங்கள் நாற்காலியில் நான் உட்கார்ந்து, உங்களைப் போலவே முன்னால் குனிந்தேன். எவ்வளவு அசிங்கமான நிலை அது. இடுப்பு பிடித்துக்கொள்கிறது.

"சொல்லுங்க பாய்."

"ஜாப்" என்றார்.

அவர் அவள் கையைத் தொடக்கூட இல்லை. அதுவாகவே வந்தது, நேராக. "சாப்!" மூக்கில் பட்டது.

"தலைய சாய்க்கணும்மா" என்றார் பாய். "உங்க மாமா சாய்ப்பாரு."

"தெரியும். மறுபடி சொல்லுங்க."

நான்கு முறை சொன்னார். நான்கு முறையும் வாங்கிக்கொண்டேன்.

நோட்டில் சாப்பாட்டை அடித்துவிட்டேன். வலப்பக்கத்தில் "ஜாப், இடக்கைக் குத்து, தாத்தா விளையாட்டு" என்று எழுதியிருக்கிறேன். வியாழக்கிழமை மேடத்திடம் இதைக் காட்டி, அன்று பொய் சொன்னதையும் சொல்ல வேண்டும். டெஸ்டுக்கு எழுதினாலும் எழுதட்டும், போகிறோம். ஆனால் ஒரு சொல்லோடு போகிறோம். நாளை பத்து மணிக்கு பாயை வரச் சொல்லியிருக்கிறேன். டீயும் போட வேண்டும், வேறு வழியில்லை.

உங்களை மதிக்கிறேன் என்று இதில் எங்கும் எழுதவில்லை, கவனித்திருப்பீர்கள். ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். அத்தனை நாளும் தலையைச் சாய்த்துச் சாய்த்தே ஜெயித்தீர்கள். நான் சாய்க்காமல் வாங்கிப் பார்த்துவிட்டேன். மூக்கு இன்னும் எரிகிறது. உங்கள் கட்டையன் எந்த மூன்று வருஷத்தில் வந்திருந்தாலும் இதைத் தாங்கியிருக்க மாட்டான், மாமா.